லென்ஸ் டப்பாவில் தீர்த்தம்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டோம். அது குடும்ப வியாதி. அப்பாவுக்குப் பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க இரும்புச் சாமான்களைப் புரட்டிப் பார்த்து, இது தேறாது, அது தேறாது என்று ஒதுக்கிவைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தக் கைப்பழக்கத்தில் வீட்டுக்கு வந்தும் தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். அத்தை, அப்பாவின் அக்கா, கல்யாணமே செய்துகொள்ளாமல் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்களோடு இருந்தவள். பால் பாக்கெட்டில் தேதியைப் படித்துவிட்டு, அந்தத் தேதியையும் நம்பாமல் பாலைக் காய்ச்சி ருசி பார்ப்பாள். அம்மா பள்ளிக்கூட டீச்சர். பரீட்சைத் தாள் திருத்துகிறவளுக்குச் சந்தேகப்பட யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? இந்த மூன்று பேருக்கும் நடுவில் வளர்ந்த நான் வேறு எப்படி இருந்திருப்பேன்!

எனக்கு அப்போது பத்து வயது. கண்ணில் பவர் ஏறிக்கொண்டே போனது. பள்ளிக்கூட லீவு வந்தால் மற்ற பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள், நான் கண்ணாடி மாற்றப் போவேன். கடைசி பெஞ்சிலிருந்து நடு பெஞ்சு, அங்கிருந்து முதல் பெஞ்சு என்று நகர்ந்து, இனி போவதென்றால் போர்டுக்கு உள்ளேதான் போகவேண்டும் என்கிற நிலைமை. அம்மாவும் சின்ன வயதில் இப்படித்தானாம். அவள் கண்ணாடி சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி தடிமனாக இருக்கும்.

கண் டாக்டரம்மா என் பழைய சீட்டுகளை வரிசையாகப் பரப்பிவைத்து, "ரொம்ப வேகமா ஏறுதும்மா, சும்மா விடக்கூடாது" என்றார். குழந்தைகளுக்கென்று ஒரு லென்ஸ் இருக்கிறதாம். ராத்திரி தூங்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும், காலையில் எடுத்துவிட வேண்டும். தூங்குகிற நேரத்தில் அது கருவிழியை மெல்ல அழுத்திச் சரிசெய்துவிடும், பகல் முழுக்கக் கண்ணாடியே வேண்டாம். போடுவதை நிறுத்தினால் பார்வை பழையபடி மங்கிவிடும். ஆனால் போட்டுவந்தால் பவர் ஏறும் வேகம் நிறைய குழந்தைகளுக்குக் குறைகிறது, அதுதான் முக்கியம் என்றார். சுத்தம் மட்டும் தப்பவே கூடாது, குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டால்கூட கண்ணுக்கு ஆபத்து என்று எச்சரித்தார்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கேரண்டி ஏதாவது உண்டா டாக்டர்?" என்று கேட்டார்.

"கேரண்டி குடுக்க இது மிக்ஸி இல்ல சார்."

அப்பாவின் முகம் 'தேறாது' என்றது. ஆனால் அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உடனே சரி என்றாள். கொத்தமல்லிக் கட்டு வாங்கவே கடைக்காரரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிற அம்மா, பெற்ற பெண்ணின் கண்ணுக்குள் எதையோ வைக்கப்போகிறேன் என்கிற டாக்டரிடம் மறுபேச்சுப் பேசவில்லை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இதில் என்னவோ இருக்கிறது!

என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. அதற்கு முந்தின மாதம் பெரியம்மா மகளின் நிச்சயதார்த்தத்தில் ஒரு ஆன்ட்டி என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "மூக்கும் முழியும் நல்லாத்தான் இருக்கு, இந்தக் கண்ணாடிதான் கெடுக்குது" என்று சொல்லியிருந்தாள். அம்மா சிரித்து வைத்தாள். ஆக விஷயம் இதுதான். என் முகத்தைப் பார்த்து அம்மாவுக்கு வெட்கம். பத்து வயதிலேயே என்னைக் கல்யாணத்துக்குத் தயார் பண்ணுகிறாள். இந்தத் தீர்மானத்துக்கு வந்ததும் எனக்கு அழுகை அழுகையாக வந்தது, கூடவே கண்டுபிடித்துவிட்ட பெருமையும் வந்தது.

லென்ஸ் போடக் கற்றுக்கொடுத்த கிளினிக் அக்கா கன்னடக்காரர். "மேலே நோடு புட்டி, மேலே நோடு" என்று, அதாவது மேலே பாரு பாப்பா என்று, என் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மா பலமுறை தவறவிட்டாள். லென்ஸ் என் கன்னத்திலும் மூக்கிலும் உட்கார்ந்ததே தவிர கண்ணுக்குள் போகவில்லை. கடைசியில் நானே போட்டுக்கொள்வது, அம்மா பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்வது என்று முடிவானது. வேலையையும் என் தலையில் கட்டிவிட்டு அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டாள் என்று எனக்குக் கோபம்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். சில நாள் கழித்து ஒரு காலையில் லென்ஸை எடுத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடியில் ஒவ்வொரு துணி கிளிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்கா வாயைத் திறப்பது தெரிந்தது. மூக்கில் ஒன்றும் இல்லை! அடேயப்பா, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் பல் துலக்கவே மறந்துபோனேன். அம்மா பின்னால் வந்து, "என்னடி தெரியுது, சொல்லு, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாளே, மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிவிட்டாளோ என்று உடனே பயம் பிடித்துக்கொண்டது.

அந்த நாட்களில் அம்மா ஸ்கூட்டியை எடுப்பதையும் நிறுத்தியிருந்தாள். வாசலில் தூசி படிந்து கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். கேட்டால் டிராபிக் என்றாள். பெங்களூரில் டிராபிக் என்ன அன்றைக்குத்தான் பிறந்ததா? நகை சேர்க்கப் பெட்ரோலை மிச்சம்பிடிக்கிறாள் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அத்தை ஆரம்பத்திலிருந்தே இந்த லென்ஸுக்கு எதிர்க்கட்சி. "தூங்குற கண்ணுல யாராவது சில்லு வைப்பாங்களா? பின்னாடி நழுவி மூளைக்குப் போயிட்டா யாரு பதில் சொல்றது?" என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேட்பாள். அப்படியெல்லாம் போகாது அண்ணி என்று அம்மா தினமும் சொல்வாள். திடீரென்று ஒருநாள் அத்தை பேச்சை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் அத்தை வாயை மூடினால் எங்கேயோ அடுப்பு மூட்டப்படுகிறது என்று அர்த்தம். எல்லாரையும் சந்தேகப்பட்ட நாங்கள் அதை மட்டும் எப்படியோ கோட்டை விட்டோம்.

டிசம்பரில் லூசியம்மாள் திருநாள் வரும். கண்ணுக்குக் காவலான புனிதை. அத்தை வருஷம் தவறாமல் அன்றைக்குக் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவாள். அந்த வருஷமும் போய்வந்து என் கண்ணிரண்டிலும் சிலுவை போட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளாக எனக்கு வலது கண் உறுத்தியது. அத்தை தூசி என்றாள். அப்பா செல்போன் என்றார். அம்மா லென்ஸைக் கூடுதலாகக் கழுவச் சொன்னாள்.

மூன்றாம் நாள் ராத்திரி செபமாலை முடிந்ததும் லென்ஸ் போட உட்கார்ந்தேன். பகலில் லென்ஸ் ஊறுகிற டப்பாவைத் திறந்தால் உள்ளே மருந்துத் தண்ணீர் விளிம்பு வரைக்கும் தளும்பியது. நான் காலையில் அவ்வளவு ஊற்றவில்லை. மேலே பொட்டுப் பொட்டாக ஏதோ மிதந்தது. எண்ணெய்.

"அம்மா, இதுல என்ன கலந்தீங்க?"

அம்மா டப்பாவை வாங்கி டியூப்லைட்டுக்கு அடியில் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையேடி."

"எண்ணெய் மிதக்குதும்மா!"

"எங்க?"

இவ்வளவு பளிச்சென்று தெரிகிறதை இல்லை என்கிறாளே, அப்படியானால் கலந்தது இவள்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஏதோ அழகு எண்ணெய். அம்மா டப்பாவை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது. அப்பா வந்து மருந்து பாட்டிலை எடுத்துப் புரட்டி, மருந்தே போலிச் சரக்கு, நான் அன்றைக்கே சொன்னேன் என்று ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது அத்தையை.

அத்தை பொய் சொல்லத் தெரியாதவள். "ஆமா, நான்தான் ஊத்தினேன். வேளாங்கண்ணித் தீர்த்தம். மந்திரிச்ச எண்ணெய் ஒரே ஒரு துளி. திருநாள்ல இருந்து தெனமும்தான் ஊத்துறேன், இன்னைக்குத்தான் கொஞ்சம் கூடிடுச்சு. டாக்டரு மருந்தும் இருக்கட்டும், மாதாவும் பாத்துக்கட்டும்னு நெனச்சேன். தப்பா?"

அத்தையிடம் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். "அண்ணி! அது என் பொண்ணு கண்ணு அண்ணி!"

"தீர்த்தம் என்ன விஷமாம்மா?"

"நீங்க நல்லதுக்குத்தான் ஊத்தினீங்கன்னு மாதாவுக்குத் தெரியும். கிருமிக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டு அம்மா தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முகத்தைத் தன் முகத்தோடு ஒட்டிவைத்து வலது கண்ணையே பார்த்தாள். "தெரியுதா? அம்மா தெரியுறேனா?" என்று கேட்டுக்கேட்டு அழுதாள். கல்யாணத்துக்காக ஒருத்தி இவ்வளவு அழுவாளா என்று எனக்கு முதல்முறையாகக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா, அத்தை, நான் மூவரும் ஆட்டோவில் கிளினிக்குக்குப் போனோம். அத்தை செபமாலையை உருட்டிக்கொண்டு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். எனக்கு இதுதான் சமயம் என்று பட்டது. "இனிமே எனக்கு லென்ஸே வேணாம். கண்ணாடியே போட்டுக்கறேன். அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போறேன்" என்று அறிவித்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கண்ணில் மஞ்சள் சொட்டு விட்டு நீல விளக்கடித்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டாக்டரம்மா நிமிர்ந்து, "தப்பிச்சுட்டா. லேசாக் கீறல்தான், சொட்டு மருந்துல ஆறிடும். அந்த லென்ஸைத் தூக்கிப் போட்டுடுங்க. கண்ணு ஆறினதும் புதுசு போடலாம்" என்றார். அத்தை சிலுவை போட்டுக்கொண்டு, தீர்த்த விஷயத்தைத் தானே சொல்லி ஒப்புக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இனிமேல் டப்பாவுக்கு வெளியே நின்று ஜெபம் பண்ணுங்கம்மா என்று மட்டும் சொன்னார்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கப் போனேன். டாக்டரம்மா அம்மாவைப் பார்த்து, "போன தடவையே உங்களை உக்காரச் சொன்னேன், நழுவிட்டீங்க. இப்ப உக்காருங்க" என்றார். அம்மா இன்னொரு நாள் வருகிறேன் என்று பையை எடுத்தாள். டாக்டரம்மா விடவில்லை. அம்மாவின் வலது கண்ணை ஒரு அட்டையால் மூடினார். சுவரில் இருந்த பெரிய எழுத்தைப் படிக்கச் சொன்னார். அம்மா கழுத்தை நீட்டிச் சுவரைத் தேடினாள். டாக்டரம்மா எழுந்து வந்து, அவள் முகத்துக்கு எதிரே கையை நீட்டினார்.

"எத்தனை விரல்?"

அம்மா தலையைக் கொஞ்சம் சாய்த்து, அப்படியும் இப்படியும் திருப்பி, ஒரு சிரிப்போடு, "ரெண்டு" என்றாள்.

"நாலு! நாலும்மா!" என்று நான் கத்தினேன். கிளாசில் யாருக்கும் தெரியாத பதிலைச் சொன்ன குஷி எனக்கு.

டாக்டரம்மா கையைக் கீழே இறக்கினார். "பொண்ணுகிட்ட சொல்லலையா?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அத்தையின் விரலில் செபமாலை நகராமல் நின்றிருந்தது.

எனக்கு எல்லாம் புரிந்துபோனது. ஆட்டோவில் நான் லென்ஸ் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? என்னைப் பயமுறுத்த அம்மா ஒரு நாடகம் போடுகிறாள். டாக்டரம்மாவும் கூட்டு. மூஞ்சிக்கு நேரே நீட்டிய விரல் யாருக்காவது தெரியாமல் போகுமா? அதுவும் அவ்வளவு பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு!

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவப் போனாள். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக, "அம்மா சூப்பரா நடிச்சாங்க இல்ல அத்தை? நான் மட்டும் கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன். அம்மாவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அதற்கு மாற்றாக ஒன்று சொல்லாமல் விடாத அத்தை, என் கையிலிருந்து முந்தானையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "ஆமாண்டி கண்ணு, உங்கம்மா நல்லா நடிப்பா" என்றாள். சொல்லிவிட்டு, அம்மா ஊறப்போட்டு வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் தானே உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் ஒருத்தர் கண்டுபிடித்ததை இன்னொருத்தர் அப்படியே ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.