அழிக்காமல் விட்ட படம்

திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடுகிறேன். முடிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் என் வேலைதான். அதற்கென்று தனி போன் வாங்கித் தர முதலாளிக்கு மனசு வரவில்லை. என் சொந்த நம்பரிலிருந்தே அனுப்பிக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரை என் போனில் இருந்தது, என் முகம் அவர்கள் போனில் இருந்தது. மகளுக்கு மலையில் மொட்டை போட்ட அன்று எடுத்த படம். பட்டுப்புடவையும் நெற்றி நிறையத் திருநீறுமாக நான். அழகாக வந்திருக்கிறதே என்று அதை முகப்பில் வைத்திருந்தேன்.

யாரோ ஒருவன் எழுத ஆரம்பித்தான். "இன்னிக்கு பச்சை சேலை சூப்பர்." பிளாக் செய்தேன். வேறு நம்பரில் வந்தான். "ஏன் மேடம் கோவம்?" இனி மெசேஜ் போடாதே என்று எழுதிவிட்டு அதையும் பிளாக் செய்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

பிறகு அவன் எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு, முகநூலில் என் கணவரின் அக்கா புருஷனைத் தேடிப் பிடித்து ஒரு படம் அனுப்பினான். என் முகம், துணியில்லாத வேறு யாரோ ஒருத்தியின் உடம்பு. அந்த மகானுபாவர் எனக்கு போன் செய்து கேட்டிருக்கலாம். "பாருங்க அநியாயத்தை" என்று எழுதி, குடும்பக் குரூப்பில் போட்டார். ஆர்.கே.பேட்டையிலிருந்து பள்ளிப்பட்டு வரை எங்கள் சொந்தம் மொத்தமும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறது. பெரிய மாமனாரும் இருக்கிறார்.

"திருநீறு வெச்ச மொகம்டி அது!" என்று மாமியார் அழுதார். அவருக்கு அதுதான் பெரிய துக்கமாக இருந்தது. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்த உடம்பு என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி ஒவ்வொருவரும் என்னைப் பார்க்கும்போது எதைப் பார்ப்பார்கள் என்று நினைத்ததும் வெளியே வரக் கால் எழவில்லை.

பஞ்சாயத்தும் அக்கா புருஷனே செய்தார். "போலீசு கீலீசுன்னு போனா ஊரே சிரிக்கும். மலைக்குப் போவோம். கற்பூரத்தை அணைச்சி சத்தியம் பண்ணிடட்டும். அத்தோட எல்லாரும் படத்தை அழிச்சிடணும். அப்பால எவனும் வாயத் தெறக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். சாமி முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது. ஆனால் திருட்டுப் பழி விழுந்தவர்கள் அணைத்துத்தான் பார்த்திருக்கிறேன். என் கணவரைப் பார்த்தேன். "பாவா சொல்றாரு இல்ல" என்றார். அக்கா புருஷனை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

அணைத்தேன். "அது நான் இல்லை" என்று சத்தமாகச் சொன்னேன். காவடிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அங்கேயே நின்று போனை எடுத்துப் படத்தை அழித்தார்கள். நானும் அழித்தேன், அவன் எழுதியதையெல்லாம் சேர்த்து. பீடை ஒழிந்தது என்று சந்தோஷமாகத்தான் அழித்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சத்தியம் அவனைக் கட்டுப்படுத்தவில்லை. புது நம்பரிலிருந்து வந்தான். பேசாவிட்டால் அடுத்தது மகளுடைய பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப்புக்குத்தான் என்றான். அதைப் படித்ததும் பயம் போய் ஆத்திரம் வந்தது. என் மகளின் டீச்சர்கூட அதில் இருக்கிறார்.

"ஸ்டேஷனுக்குப் போறேன். ஆனா காட்டறதுக்குப் படம்கூட இல்ல" என்று கணவரிடம் சொல்லி அழுதேன்.

அவர் தன் போனை நீட்டினார். படம் இருந்தது. அனுப்பியவன் பெயர், நாள், நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி, பாவாவிடமிருந்து வாங்கிவைத்த ஸ்க்ரீன்ஷாட். எனக்கு உயிர் வந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"போலீசுக்குன்னு வெச்சிருந்தீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "இல்ல. மனசு ஒத்துக்கல. உன்னுதா இல்லையான்னு பாத்துகினே இருந்தேன்."

கற்பூரம் அணைத்த பிறகுமா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. புடவையை மாற்றிக்கொண்டு வந்தேன். இருவரும் ஒரே வண்டியில்தான் போனோம்.

பெண் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "தெருவுல பின்னால வந்தாத்தான் குத்தம்னு இல்லம்மா. வேணாம்னு சொன்னப்புறமும் போன்ல தொரத்தினாலும் குத்தம்தான். ஒட்டுவேலை பண்ண படமா இருந்தாலும் கேஸ் இருக்கு. அதை எடுக்கச் சொல்லி பேஸ்புக் கம்பெனிக்கும் எழுதுவோம், சீக்கிரம் எடுத்தாகணும். உன் பேரு வெளிய போவாது. குரூப்ல போட்டவரையும் கூப்புட்டு விசாரிக்கணும்." கடைசி வாக்கியத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நிலையிலும். சட்டத்தில் எனக்கென்று இவ்வளவு இடம் இருப்பது தெரியாமல்தான் மலையேறியிருக்கிறேன்.

பிறகு அவர் கணவரின் பக்கம் போனைத் திருப்பினார். "இது உங்க சம்சாரமாங்க?"

"மொகம் மட்டும்தாங்க அவளுது."

"நல்லாத் தெரியுமா?"

"ஆங். கட்டினவன், எனக்குத் தெரியாதா?"

காது மடலெல்லாம் எரிந்தது எனக்கு. இந்த ஒரு பேச்சைத்தான் குரூப்பில் படம் வந்த அன்று அவர் வாயிலிருந்து எதிர்பார்த்தேன்.

"நல்ல மனுசனைத்தாம்மா கட்டியிருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர். "இங்க வர்றவங்க பாதிப் பேரு படத்தை அழிச்சிட்டுத்தான் வர்றாங்க. இவரு யோசிச்சு வெச்சிருக்காரு பாரு."

கணவர் என்னைப் பார்த்தார். எதற்காக அழிக்காமல் வைத்திருந்தார் என்று நான் சொல்லியிருக்கலாம்.

"ஆங் மேடம்" என்றேன். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.