மொட்டை போடச் சொன்ன இல்லம்

குடியை விட வேண்டும் என்று மகனே கேட்டதால், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு அவனை அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் சவரக்கத்தியோடு ஒருவன் வந்தான்.

"மொட்டை எதுக்குங்க?"

"ஓடிப்போனா அடையாளம் தெரியணும்ல பெரியவரே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மகனின் தலைக்கு முதல் மொட்டை குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்துப் போட்டது. அவன் அழுத அழுகையில் பொங்கலை மறந்து அடிப்பிடிக்க விட்டோம்.

"எம்மவன் நோயாளிய்யா, திருடன் இல்ல. எந்திரிடா, போவலாம்!"

அப்படியே அரியலூருக்கு பஸ் ஏறினோம். அங்கே இன்னொரு இல்லத்தில் நர்ஸம்மா என்னை விட்டுவிட்டு அவனிடம் கேட்டார்: "சாப்பிட்டீங்களா தம்பி? ராத்திரி தூங்குறீங்களா?"

"இங்க இருந்துக்கறேம்ப்பா" என்றான் அவன்.

இந்த இரண்டு கேள்விக்காக, நோயாளியோடு நான் மாவட்டம் தாண்டி அலைய வேண்டுமா?