அக்கா முந்திச் சொன்ன பதில்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். மாதவிலக்கு நின்றதும், அந்த அறையின் சூடு போதாதென்று உடம்பும் தன் பங்குக்குப் பற்றி எரிந்தது. ராத்திரித் தூக்கம் போனது. "இவங்களை விரிப்பு மேல உட்கார வெச்சா போதும், கரண்ட் மிச்சம்" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

கடைசியில் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். ஹார்மோன் மாத்திரை எழுதும் முன் டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுல யாருக்காவது மார்புல புற்றுநோய் வந்திருக்கா?"

இவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டர். அம்மா வயித்துப் புண்ணுல போனாங்க."

இவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். அம்மா செத்தபோது சின்னப்பிள்ளை. மார்பில் வந்த கட்டியை வயிற்றுப்புண் ஆக்கியவர்கள் வீட்டுப் பெரியவர்கள். இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டாமா? வியாதிக்காரக் குடும்பம் என்று பேர் வந்தால் எவன் வாசல்படி மிதிப்பான்? பக்கத்திலிருந்து கட்டு மாற்றிய அக்காவுக்கு மட்டும் உண்மை தெரியும். இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, பிள்ளைகளும் வளர்ந்தாயிற்று. பொய் மட்டும் அசையவில்லை.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. தூங்கினாள், நாலு பேரிடம் கலகலவென்று பேசினாள். சில வருஷம் போனது. ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது.

அறுவை முடிந்து, ரத்தச் சோதனை முடிவும் வந்தபின் டாக்டரம்மா சொன்னார்: "பரம்பரையா வர்ற கோளாறு இது. மாத்திரையாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா குடும்பத்துல இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் அதைக் கொடுத்திருக்கவே மாட்டேன். வருஷா வருஷம் பார்த்து, சின்னதா இருக்கும்போதே பிடிச்சிருப்போம். உங்க மகளையும் சோதிக்கணும்."

அக்கா பழப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தாள். அப்போதுதான் உண்மையைக் கக்கினாள்.

"அம்மாவுக்கும் இதேதான். நான் எப்பவோ ரத்தம் கொடுத்துப் பார்த்துட்டேன். எனக்கு இல்லைன்னு வந்துச்சு."

"எப்போ பார்த்த?"

"நீ மாத்திரை ஆரம்பிச்ச வருஷம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என் பொண்ணுக்கு வரன் கூடி வந்த நேரம்டி. இப்போ உன் மகளுக்கும் பேசிட்டிருக்கீங்க. கல்யாணம் முடியற வரைக்கும் வாயைத் திறக்காத."

அடிப்பாவி! தன் உயிரை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு, தங்கச்சியை மாத்திரை விழுங்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். மருந்து வாங்கிவந்த மகளை இவள் கூப்பிட்டு, அக்காவை வைத்துக்கொண்டே, பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கிறபடி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

"பெத்தவளே மகளுக்குக் குழி பறிக்கிறா" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனாள்.

மகளுக்கும் அதே கோளாறு என்று முடிவு வந்தது. பேசிவைத்த வரன் கைநழுவிப் போனது.

"நீ உயிரோட இருக்கணும்னுதான்டி சொன்னேன்" என்றாள் இவள்.

"தெரியும்மா." மகள் தலை நிமிரவில்லை. "ஆனா பெரியம்மா வயித்துல பொறந்திருக்கலாம்னு தோணுது."