அம்மை வீட்டு ஊசி

பத்து வருஷம் பிள்ளையில்லாமல் இருப்பவளுக்கு ஊரில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊரான கம்பத்தில் நான் தண்ணீர்க் குழாய்க்குப் போனால்கூட ஒருத்தி ஒரு வேரைச் சொல்வாள், இன்னொருத்தி ஒரு கோயிலைச் சொல்வாள். எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஒரு பெண் டாக்டர்தான் முதன்முதலாக எனக்கு அறிவுரை சொல்லாமல் மருந்து எழுதினார். கருமுட்டை வளர்வதற்கான ஹார்மோன் ஊசி. தினமும் சாயங்காலம் போட வேண்டும், ஒரு நாளும் தவறக் கூடாது. கடைசி ஊசியை மதுரையில் போட்டுக்கொண்டு, அன்றும் மறுநாளும் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்திருக்க வேண்டும். பஸ் நேரம் சொல்வதைப் போல அதைச் சொன்னார். என் வீட்டுக்காரர் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து குட்டிப் புட்டியில் தூளாக இருக்கும். எங்கள் தெருவிலிருந்த ஓய்வுபெற்ற நர்சம்மா வந்து, தண்ணீர் கலந்து போட்டுவிட்டுப் போவார். இடுப்பு கன்றிப்போகும், வயிறு உப்பும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். எரிச்சல் எனக்குப் பிறவியிலேயே உண்டு என்பதால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பாதி ஊசி முடிந்திருந்தபோது மாமியாருக்கு அம்மை போட்டது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் சின்ன வயதிலேயே போட்டு இறங்கியிருந்ததால் தொற்றிக்கொள்ளும் பயமில்லை. ஆனால் வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டுக்குச் சட்டமே வேறு. தாளிக்கக் கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது, வீட்டாள் வெளியே தங்கக் கூடாது. ஊசி என்ற பேச்சே ஆகாது. புருஷனும் பெண்சாதியும் தள்ளித்தான் படுக்க வேண்டும். அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை இதுதான். டாக்டர் செய்யச் சொன்னதை எல்லாம், அம்மையாக வந்திறங்கிய ஆத்தா செய்யாதே என்றாள்.

அன்று சாயங்காலம் நர்சம்மா வாசல்வரை வந்து, வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இன்னொரு முறை மருந்து வாங்க எங்களுக்கு வழியில்லை. உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார்.

"ஏத்தா, ஊசி போட்டாச்சா?"

"இல்லத்தே. ஆத்தா வந்திருக்க வீடு. நர்சம்மா திரும்பிப் போயிட்டாக."

செவ்வாய்க்கிழமை நகம் வெட்டினாலே நாள் முழுக்கப் பேசுகிறவர் அவர். அன்று அவரே சொன்னார்.

"ஆத்தா வந்திருக்கது என் மேலதான, உன் மேல இல்லையே. அவனக் கூட்டிக்கிட்டு நம்ம தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போ. நர்சம்மாவ அங்கன வரச் சொல்லு. மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கன எட்டிப் பாக்கக் கூடாது."

"சாமி குத்தம் ஆயிராதா அத்தே?"

"ஆனா என் மேல ஆகட்டும். நான் அவகிட்டப் பேசிக்கிறேன்."

சுருளிப்பட்டி ரோட்டில் எங்கள் திராட்சைத் தோட்டம். பொழுது சாய்வதற்குள் நர்சம்மா என் வீட்டுக்காரரின் சைக்கிள் கேரியரில், முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அன்றைய ஊசி தவறவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் தவறவில்லை. மதுரைக்குப் போய்க் கடைசி ஊசியைப் போட்டுக்கொண்டு அதே மோட்டார் ரூமுக்குத் திரும்பினோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் எங்களுக்கென்று ஒரு தனி அறை கிடைத்தது அப்போதுதான்.

வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண் வாசற்படியில் கூழ் வைத்துவிட்டுப் போவாளாம். மற்றபடி காய்ச்சலோடு எழுந்து தண்ணீர் மொண்டது, வேப்பங்கொழுந்தை அரைத்துப் பூசிக்கொண்டது எல்லாம் மாமியாரேதான். பிள்ளையும் மருமகளும் எங்கே என்று கேட்ட தெருவுக்கு, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் முறை என்று சொல்லிவிட்டார். மூன்றாம் தண்ணீர் அன்று நாங்கள் திரும்பியபோது ஆள் பாதியாகியிருந்தார். தூக்கத்தில் சொறியும்போது கையைப் பிடிக்க ஆளில்லாமல் நெற்றியெல்லாம் புண்.

"போன காரியம் ஆச்சா?" என்றார்.

"தெரியலத்தே."

"சரி, மெதுவாத் தெரியட்டும். மொதல்ல சாப்புடு."

அந்த மாதமே தங்கியது. பெண் பிறந்தாள். டாக்டரின் கைராசி என்றார்கள். அது பொய்யில்லை, அவரை நினைத்தால் இன்றும் என் கை தானாகக் குவியும்.

மகள் பேசத் தொடங்கிய வயதில், மாமியாரின் நெற்றித் தழும்புகளில் விரல் வைத்து இது என்ன, இது என்ன என்று கேட்பாள். "அம்மைடி" என்பார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் போன பிறகு நான்தான் மகளிடம் சொன்னேன், அது ஒவ்வொன்றும் உனக்காக விழுந்தது என்று.