ஐயர் வீட்டுக் காகிதங்கள்

பழைய காகிதங்களைப் பிரித்துப் பட்டியல் போடும் வேலையை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. காலை முழுக்கத் தும்மல். சாயங்காலம் வரை பேச ஆள் கிடையாது. பேசுகிறவர்கள் எல்லாரும் காகிதத்துக்குள் இருப்பார்கள், நாம் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள்.

விருத்தாசலத்தில் ஒரு மாதம் அந்த வேலை செய்தேன். இங்கே பீங்கான் சூளையில் இருந்த என் வீட்டுக்காரர் அப்போது குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் மூன்று வயது மகளும்தான் ஊரில்.

கருவாட்டு வாசனை

"ஒரு ஐயர் காலமாயிட்டாரு. அவரு காகிதத்தையெல்லாம் மெட்ராஸ் நூலகத்துல கேக்கறாங்க. அடுக்கிக் குடுக்கணும். உன் கையெழுத்து நல்லாருக்குமே, போறியா?" என்று நல்லூரில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் கேட்டார். ஐயர் வீடாயிற்றே என்று தலைக்குக் குளித்து, விபூதி பூசி, மகளுக்கு முட்டைகூடக் கொடுக்காமல் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கதவு திறந்ததும் கருவாட்டுக் குழம்பு வாசனை. சுவரில் சிலுவை. வயதான அம்மா ஒருவர் கரண்டியோடு நின்றார். நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நாங்க அந்த ஐயர் இல்லம்மா. எங்க சபையில பாதிரியாரைத்தான் ஐயருன்னு சொல்றது. அவரு சம்சாரம் நான், ஐயரம்மா. உனக்கு ரெண்டு துண்டு வைக்கட்டுமா?"

தூங்கியவர்கள்

சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் முதல் சபைக் கோயில் கூரை போட்டார்கள், யார் முதலில் ஞானஸ்நானம் வாங்கினார்கள் என்று நாற்பது வருஷமாக எழுதி வைத்திருந்தார் ஐயர். எங்கள் பக்கத்து மங்களூருக்கு ஒரு கட்டு, ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு கட்டு. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் சூளையில் கழித்துப் போட்ட பீங்கான் பியூஸ் கட்டை.

பழைய பதிவேட்டில் நிறையப் பேருக்கு நேரே "நித்திரையடைந்தார்" என்று இருந்தது. பிரசங்கத்தில் தூங்கினவர்களைக்கூடக் குறித்து வைத்திருக்கிறாரே, கண்டிப்பான மனுஷர்தான் என்று நினைத்து, பட்டியலில் "ஆராதனையில் தூங்கியோர்" என்று தலைப்புப் போட்டேன். கோயில் மணி அடிக்கும் வீரமுத்துத் தாத்தா எட்டிப் பார்த்தார். ஐயரோடு சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றியவர். "தூங்கலம்மா, போய்ச் சேந்துட்டாங்க. அதுல எங்கப்பாவும் இருக்காரு. எழுப்பிப்புடாத!"

ஞாயிற்றுக்கிழமை போன்

வாரம் ஒருமுறை பக்கத்து டெலிபோன் பூத்துக்கு வீட்டுக்காரர் போன் பண்ணுவார். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு, போனைக் கையில் எடுத்ததும் காணாமல் போய்விடும். மழையா என்பேன். இல்லை என்பார். சாப்பிட்டியா என்பார். ஆச்சு என்பேன். பிறகு அவர்தான் கேட்பார்: "சத்தத்தையே காணோம், லைன்ல இருக்கியா?"

ஒரு வரி

ஐயரம்மாவின் மகள் கனடாவில். மத்தியானம் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் ஐயருக்கென்று இன்னொரு தட்டையும் எடுப்பார், அப்புறம் திரும்ப வைத்துவிடுவார். நான் பார்க்காததுபோல் என் மகள் வாயைத் துடைத்துவிடுவேன்.

ஒரு நாள் தட்டை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அடுத்த வாரம் நூலகத்து ஜீப் வந்துரும், எல்லாம் போயிரும். ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் சரித்திரம் எழுதினாரு. சோறு போட ஒருத்தி கூட இருந்தான்னு ஒரு வரி எழுதிருக்காரா, பாரும்மா."

ஏழாம் மாதம்

"மனைவி" என்று தேடினேன், "ஐயரம்மா" என்று தேடினேன். ஆறு நாள் தேடியும் ஒன்றுமில்லை. கட்டுகளோடு இருந்த டைரிகளில் அவர் எல்லாவற்றையும் சுருக்கித்தான் எழுதுவார். ஸ்ரீமுஷ்ணத்துக்கு "ஸ்ரீ.", மங்களூருக்கு "ம.". பக்கத்துக்குப் பக்கம் "வீ." வந்தது. "வீ. காய்ச்சல். ஸ்ரீ. போகவில்லை." "வீ. கோபம். தப்பு என்னுடையது." "வீ. இல்லாமல் நான்கு நாள். சாப்பிடப் பிடிக்கவில்லை." தாத்தா மேல் ஐயருக்கு எவ்வளவு பாசம் என்று வியந்து, "வீ. - வீரமுத்து, கோயில் ஊழியர்" என்று அட்டவணையில் ஏற்றிவிட்டேன்.

ஜீப் வருவதற்கு முதல் நாள் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன்: "வீ.க்கு ஏழாம் மாதம். வளையல் வாங்க வேண்டும்." பெட்டி தூக்கிக்கொண்டிருந்த தாத்தா அதைக் கீழே போட்டார். "யாருக்கு, எனக்கா? அடிப் பைத்தியமே! சம்சாரத்த 'வீட்டில்'னுதானே அவரு சொல்லுவாரு. 'வீட்டில் கேட்டுச் சொல்றேன்'பாரு. அந்த 'வீ'தான் இது!"

அட்டவணை

டைரிகளை அள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். ஐயரம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். காய்ச்சலைப் படித்தேன், கோபத்தைப் படித்தேன்.

"தப்பு அவருதுன்னா எழுதிருக்காரு? உசுரோட இருந்தவரைக்கும் ஒத்துக்கலியே மனுஷன்" என்றார். நான்கு நாள் சாப்பிடப் பிடிக்காததையும் படித்தேன். அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். இந்த ஒரு டைரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் கணக்கில் காட்டவில்லை என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார். "போவட்டும். நாலு பேரு படிக்கட்டும். அட்டவணையில வீரமுத்துவ அடிச்சிட்டு என் பேர எழுது."

செத்தவர்கள் பெயரெல்லாம் மனப்பாடமாகி, ஒரு மாதம் அவர் கையால் சாப்பிட்டும் முடித்திருந்த கெட்டிக்காரி நான், வீரமுத்துவை அடித்துவிட்டுப் பேனாவோடு முழித்து, "உங்க பேரு என்னான்னு கொஞ்சம் சொல்லுங்க ஐயரம்மா" என்றேன்.