கேசிங் டெஸ்ட் செய்யப் போன சனிக்கிழமைகள்

என் கணவர் பல வருடங்கள் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தார். விடியுமுன் மலேசியப் பக்கம் கூலாயில் எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் கிளம்பி, எல்லைப் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகுதான் திரும்புவார். பக்கவாதம் வந்தது ஒரு விடுமுறை நாளில், வீட்டில், சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பயிற்சி செய்து செய்து காலை ஓரளவு மீட்டோம். கை மீளவில்லை. பேச்சு தப்பித்ததே என்று வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள்.

ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மறு பாதி அப்படியே இருக்க, “இன்னும் கொஞ்சம் போடு” என்பார். மூளை அந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை என்று டாக்டர் விளக்கினார். அதை இவரிடம் சொன்னால் கோபம் வரும். “எனக்கு எல்லாம் தெரியுது. சும்மா இரு” என்பார்.

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்துக் கடைவரிசையில், ஓய்வு பெற்ற சீன ஆசிரியை ஒருவர், ஒரு கடையின் பின்னறையில் பழைய கம்ப்யூட்டர் சாமான்களை வாங்கி வைத்து, சரிபார்த்து, வசதியில்லாத மாணவர்களுக்குக் கொடுத்துவந்தார். டீச்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஒருநாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, ஏதோ கம்பெனி மூன்று பெட்டி நிறைய ஹார்ட் டிஸ்க் கேசிங் கொடுத்திருக்கிறது, உன் வீட்டுக்காரர் வந்து பார்ப்பாரா என்று மலாயில் கேட்டார். நான் அங்கேயே சரி என்றேன். கணவரைக் கேட்கக்கூட இல்லை. அவ்வளவு ஆசை எனக்கு.

கேசிங் என்பது டிஸ்க்கை வெளியிலிருந்து கம்ப்யூட்டரில் மாட்ட உதவும் கூடு. கொடுத்தவர்கள் தங்கள் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வெறும் கூட்டைத்தான் தருவார்கள். நல்ல டிஸ்க் ஒன்றை உள்ளே வைத்து, கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். விளக்கு எரிகிறதா, திரையில் டிஸ்க் தெரிகிறதா, பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தால் நடுவில் அறுந்துபோகாமல் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தேறியதற்கு நீல ஸ்டிக்கர். தேறாதது குப்பைக்கூடைக்கு.

முதல் சனிக்கிழமை நான் சொல்லாமலே அவர் சவரம் செய்துகொண்டார். பின்னறையில் நான் கேசிங்கைப் பிடித்துக்கொள்ள, அவர் வலது கையால் திருகாணியைக் கழற்றினார். “இது சிப்பு நல்லா இருக்கு. அந்தக் காலத்துல நான் பார்த்த மாதிரிதான்” என்று பேசிக்கொண்டே வேலை செய்தார். நோய்க்குப் பிறகு அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சில வாரம் கழித்து டீச்சர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். ஸ்டிக்கர் ஒட்டிய கேசிங்குகளை மாணவர்கள் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். எதிலும் டிஸ்க் தெரியவில்லையாம். அதன் பிறகு கணவர் வேலை செய்யும்போது நான் அவர் கையைப் பார்ப்பதை விட்டு முகத்தைக் கவனித்தேன். டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டால் ஓகே என்றார். திரையின் இடது ஓரத்தில்தான் டிஸ்க்கின் பெயர் வரும். அங்கே அவர் பார்வை போகவே இல்லை. விளக்கு இடது மூலையில் இருக்கும் கேசிங்குகளை, பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே, “செத்துப்போச்சு” என்று கூடையில் போட்டார்.

அவர் டீ குடிக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் நான் மறுபடி டெஸ்ட் செய்ய ஆரம்பித்தேன். கூடையிலிருந்து நல்லதை எடுத்தேன். மோசமானதில் ஸ்டிக்கரை உரித்தேன். ஒரு நாள் அவர் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டார்.

“என்னா செய்ற?”

“சும்மா பார்த்தேங்க.”

“நான் ஓகே பண்ணுனத ஏன் உரிக்கிற? எத்தன வருஷம் இந்த வேலை பார்த்தேன் தெரியுமா ஒனக்கு?”

“தெரியுங்க. ஆனா அந்தப் பக்கம் நீங்க பாக்க மாட்றீங்க.”

“எந்தப் பக்கம்?” என்று உரக்கக் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அன்றைய ரோஷத்தில், எனக்காகக் காத்திராமல் பெரிய கேசிங் ஒன்றை இழுத்து, மேசையில் கிடந்த லேப்டாப் அடாப்டரை அதில் சொருகினார். முனை சரியாகப் பொருந்தியது. மின்சாரம்தான் அது தாங்காத அளவு. சிறிய சத்தம், பிறகு கருகிய வாடை. கேசிங்கோடு, எல்லாவற்றையும் டெஸ்ட் செய்ய வைத்திருந்த அந்த நல்ல டிஸ்க்கும் போய்விட்டது. டீச்சர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். “தாப்பா லா, தாப்பா” என்று மலாயிலேயே பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லி அவர் தோளைத் தட்டினார். என் கணவர் கருகிய கேசிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். கடையில் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு இந்தத் தப்பைச் செய்யாதே என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அடுத்த வாரம் மேசையில் கேசிங் இல்லை. வயர்களைச் சுற்றி ரப்பர் போடும் வேலை அவருக்கு. டீச்சரின் முகத்தைப் பார்த்தால் அவரும் தூங்கவில்லை போலிருந்தது. என் கணவர் ஒற்றைக் கையால் சுற்றினார், அவிழ்ந்தது, மறுபடி சுற்றினார். வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டார்:

“வயர் சுத்தறதுக்கா என்னைய கூட்டிட்டுப் போற?”

“வீட்ல ஒக்காந்திருந்தா மட்டும் என்னங்க?”

“வீட்ல யாரும் என்னையப் பாக்க மாட்டாங்கல்ல.”

அதோடு அவர் வரவில்லை. நான் போகிறேன். எனக்கு அந்த வேலை இப்போது நன்றாகவே வருகிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் அவரைப் பார்க்காமல் இருக்க முடிகிறது என்பதும் உண்மை. திரும்பி வந்தால் எப்படிப் போனது என்று அவர் கேட்பதில்லை.

போன மாதம் மருத்துவமனைக்குப் போனபோது, அவரை வாசலில் உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். வரவேண்டியது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே வந்துவிடும் அம்மா, இனி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றார். வெளியே வந்தேன்.

“என்னா சொன்னாரு?”

“நல்லா நடக்கச் சொன்னாரு.”

தலையாட்டினார். சாயங்காலம் மழை விட்டதும் அவரே செருப்பைத் தேடினார். திடலை ஒரு சுற்றுச் சுற்றினோம். நான் அவருடைய வலது பக்கமாகவே நடந்தேன்.