இரண்டு சைக்கிள், ஒரே கிரீச்

தசரா அன்று காலை, எங்கள் நிக்டி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இரண்டு சைக்கிள்கள் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன.

ஒன்று என்னுடையது. அதன் டிஸ்க் பிரேக்கை இழுப்பது ஒரு கம்பி — கேபிள். இன்னொன்று என் மனைவி ரேவதியுடையது. அதில் குழாய்க்குள் எண்ணெய் — ஹைட்ராலிக். விரல் பட்டாலே நிற்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

அன்று இரண்டும் நிற்கவில்லை. சத்தம் மட்டும் போட்டன.

மறுநாள் ரேவதி தன் சைக்கிள் தோழிகளோடு லோணாவளா போய், முதல்முறையாகக் கண்டாலா மலைப்பாதையில் இறங்குவதாக இருந்தாள். பிரேக் பிடிக்காமல் அந்தச் சரிவில்... வேண்டாம், எழுதவே பயமாக இருக்கிறது.

"ஏனுங்க, நாளைக்கு நான் போறதா, வேண்டாமா?"

மூன்றாவது மாடி மராத்திப் பெரியவர் ஜோஷி காகா எட்டிப் பார்த்தார். "ஹைட்ராலிக் ஹை நா? ஹவா குஸ் கயீ!" எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம்.

சரி. என் சைக்கிளில் குழாயே இல்லையே?

"வோ? கேபிள் டீலா ஹை." கம்பி தளர்ந்துவிட்டதாம்.

இரண்டு பேருக்கு இரண்டு வியாதி — அதுவும் ஒரே இரவில்? சொல்லுங்கள், நம்ப முடிகிறதா?

கோவையிலிருந்து மைத்துனன் போனில் வந்தான். "ஹைட்ராலிக் வேண்டாம்னு அப்பவே சொன்னனே மச்சான்!"

"அப்ப என் கேபிள் ஏன்டா பிடிக்கல?"

"...மச்சான், லைன் கட்டாகுது."

நடந்ததை நாள் வரிசையில் அடுக்கிப் பார்ப்பது என் பழக்கம். முந்தின நாள் மாலை வரை பிரேக் பிடித்தது. இன்று பிடிக்கவில்லை. இடையில் யாரும் ஓட்டவில்லை. பின் இடையில் என்னதான் நடந்தது?

"ஆயுத பூஜை நடந்துச்சுங்க." ரேவதி குனிந்து, சக்கரத்தின் டிஸ்க்கைத் தொட்டு, விரலை என் மூக்கருகே நீட்டினாள். சிவப்பு. தேங்காய் எண்ணெய் வாசம்.

இரும்பில் குங்குமம் ஒட்டவில்லையே என்று, எண்ணெயில் குழைத்து, பளபளத்த நான்கு டிஸ்க்குக்கும் பொட்டு வைத்தவன்... நான்தான்.

"பொட்டு வெக்க வேற எடமே கெடைக்கலீங்களா?"

டிஸ்க்குகளை ஸ்பிரிட்டால் துடைத்தோம். ஆனால் அவற்றைக் கவ்வும் பிரேக் பேடுகள் எண்ணெயைக் குடித்திருந்தன. மாற்றியே ஆக வேண்டும். தசராவுக்குப் புது சைக்கிள் வாங்க வந்த கூட்டத்தில் நீந்திக் கடைக்காரரைப் பிடித்தால், கேபிளுக்கான பேடு மட்டும்தான் இருந்தது.

அதை என் சைக்கிளில் மாட்டினோம். பார்க்கிங் சரிவில் மாலை முழுக்க இறங்கி இறங்கிச் சோதித்தோம். கவ்வியது.

மறுநாள் ரேவதி என் சைக்கிளில் மலை இறங்கினாள். நான் வீட்டில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் முழுசாகத் திரும்பி வந்தாள். "கேபிளா, ஹைட்ராலிக்கா... எது தேவலை?" என்று கேட்டேன். அவள் என் சைக்கிளுக்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

எந்த பிரேக் நல்லது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. எது என் சைக்கிள் என்பதும் இப்போது புரியவில்லை.